பேட்டியும் நேர்காணலும்: ஒலிபரப்பில் வினாவின் வரலாறு

வினவத் தெரிந்த சமூகமே விடை பெறும் சமூகமாகும். ஆள்வோர் தம் செயலுக்குப் பலர் முன்னிலையில் காரணம் கூறக் கடமைப்பட்டவர் என்னும் எண்ணம் தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. மதுரை அவையில் பாண்டியனை நோக்கிக் கண்ணகி தொடுத்த வழக்குக் கண்ணீரால் மட்டும் வென்றதன்று. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என அவள் முதலில் உரைத்தாள். அரசியின் சிலம்பின் பரல் முத்து என அரசன் தன் வாயாலேயே கூறினான். பின்னரே சிலம்பு உடைந்தது. சான்று கையில் இருந்தது. வழக்கு வரிசையாக அமைந்தது. விடை அவையறிய வந்தது. இம்மூன்றும் ஒருங்கே கூடும் இடத்தில்தான் அதிகாரம் பொறுப்புக் கூறுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் அந்த அவையின் இடத்தை வானொலியும் தொலைக்காட்சியும் எடுத்துக்கொண்டன. அவற்றில் செய்தியாளர் பொதுவாழ்வினரை எதிரே அமர்த்தி வினவும் முறை எங்ஙனம் தோன்றியது, எவ்வாறு தமிழுக்கு வந்தது, வந்தபின் என்ன ஆயிற்று என்பனவற்றை ஒரு வரலாற்று நோக்கில் தொகுத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம். சொல்லைத் தொழிலாகக் கொண்ட நம் வட்டத்தாருக்கு இது அயலார் செய்தியன்று. வினாவும் விடையும் மொழியின் செயல்கள். அவை பழுதுபட்டால் மொழியே பழுதுபடும்.

இரண்டு சொற்கள்

செய்தியாளர் ஒருவர் தலைவரைக் கண்டு வினவுவதற்குத் தமிழில் இரண்டு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று ‘பேட்டி’, மற்றொன்று ‘நேர்காணல்’. பேட்டி என்பது வடபுல மொழிகளில் சந்திப்பையும், சந்திக்கச் செல்லும்போது கையுறையாகக் கொடுக்கும் பொருளையும் குறிக்கும் ‘பேட்’ என்னும் சொல்லின் வழிவந்தது. பெரியோரைக் காணச் செல்வோன் பழமோ பொன்னோ ஏந்திச் சென்று, வாயிலில் காத்திருந்து, உத்தரவு பெற்று உள்ளே புகும் காட்சி அச்சொல்லுக்குள் உறைந்து கிடக்கிறது. இன்றும் ‘அமைச்சர் பேட்டி அளித்தார்’ என்றே எழுதுகிறோம். அளிப்பவர் அவர்; பெறுபவர் செய்தியாளர்.

நேர்காணல் அப்படிப்பட்டதன்று. அச்சொல்லில் உயர்வு தாழ்வு இல்லை. இருவர் எதிரெதிரே இருந்து ஒருவர் மற்றவரைக் காண்கின்றனர். கொடையும் இல்லை, கையுறையும் இல்லை. ஒலிபரப்பில் வினாவின் வரலாறு என்பது சுருங்கக் கூறின் பேட்டியிலிருந்து நேர்காணலுக்கு வந்த வரலாறும், வந்தபின் மீண்டும் பேட்டிக்கே திரும்ப நேர்ந்த வரலாறும் எனலாம்.

நன்னூல் தரும் அளவுகோல்

இவ்வரலாற்றை அளப்பதற்கு நம்மிடம் உள்ளூர்க் கோல் ஒன்று உண்டு. பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். தான் அறிந்த ஒன்றைப் பிறர் அறிவாரா எனச் சோதிக்கக் கேட்பது அறிவினா. தான் அறியாததை அறியக் கேட்பது அறியாவினா. ஐயம் தீரக் கேட்பது ஐயவினா. ஒரு பொருளைப் பெறுவதற்குக் கேட்பது கொளல்வினா. கொடுப்பதற்குக் கேட்பது கொடைவினா. ஒரு செயலைச் செய்விப்பதற்குக் கேட்பது ஏவல்வினா.

விடைகளுள் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரடியானவை. ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் சுற்றி வருபவை. வகுப்பறையில் இவற்றிற்கு எடுத்துக்காட்டுக் கூற இக்காலத்தில் இலக்கண உரைகளைத் தேட வேண்டுவதில்லை. மாலைச் செய்தியே போதும். ‘ஊழல் நடந்ததா?’ என்றால் ‘முந்தைய ஆட்சியிடம் போய்க் கேளுங்கள்’ என்பது ஏவல். ‘அவர்கள் காலத்தில் நடக்கவில்லையா?’ என்பது வினா எதிர் வினாதல். ‘கண்மாய் ஏன் தூர் வாரப்படவில்லை?’ என்றால் ‘மழை முந்திக்கொண்டது’ என்பது உற்றது உரைத்தல். ‘குழு அமைக்கப்படும்’ என்பது உறுவது கூறல். ‘சாலை போட்டீர்களா?’ என்றால் ‘பாலம் கட்டினோம்’ என்பது இனமொழி.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. நன்னூலார் இவ்வைந்தையும் விடையென ஏற்றது, கேட்ட பொருளுக்குரிய பதில் அவற்றினுள் குறிப்பாக அடங்கியிருப்பதால்தான். ‘இதைச் செய்வாயா?’ என்றவரிடம் ‘உடல் நலமில்லை’ என்றால் ‘செய்யேன்’ என்பது விளங்குகிறது. ஆகவே அது விடை. அப்பொருள் விளங்காவிட்டால் அது விடைபோல் ஒலிக்கும் ஓசையே. நல்ல நேர்காணலாளர் செய்வது இந்தப் பிரித்தறிதலைத்தான். எதிரிருப்பவரின் சொல்லில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ குறிப்பாகவேனும் உள்ளதா என்று அவர் பார்க்கிறார். இல்லையெனில் மீண்டும் வினவுகிறார்.

இதன் எல்லையை 1997 மே 13 அன்று பி.பி.சி.யின் ‘நியூஸ்நைட்’ நிகழ்ச்சி காட்டியது. பிரித்தானிய உள்துறை அமைச்சராக இருந்த மைக்கேல் ஹாவர்டு, சிறைத்துறைத் தலைவரின் அதிகாரத்தை மீறி ஆணையிடுவதாக அவரை அச்சுறுத்தினாரா என்பது வினா. ஜெரமி பாக்ஸ்மன் அவ்வொரு வினாவையே பன்னிருமுறை கேட்டார். ஹாவர்டு தமக்குச் சட்டப்படி இருந்த அதிகாரம் யாது, தாம் யாரைக் கலந்தாலோசித்தார் என்பன பற்றியெல்லாம் கூறினார். கேட்டதற்கு மட்டும் விடை வரவில்லை. ஆயினும் பார்த்தோர் அனைவரும் அந்த வரவின்மையையே விடையாகக் கொண்டனர்.

வினா இல்லாத வானொலி

தமிழகத்தில் ஒலிபரப்பு 1924-இல் சென்னை மாகாண வானொலிக் கழகத்துடன் தொடங்கியது. 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தோன்றின. திருநெல்வேலி நிலையம் 1963-இல் வந்தபின் நம் கரிசல் ஊர்களின் தேநீர்க் கடைகளிலும் ஊராட்சித் திண்ணைகளிலும் வானொலித் தமிழ் நாள்தோறும் ஒலித்தது. மதுரை நிலையம் 1987-இல் அமைந்தது.

இவ்வானொலி இசையை வளர்த்தது, நாடகத்தை வளர்த்தது, எழுத்தாளர் பலருக்கு மேடை தந்தது. வினாவை மட்டும் அது வளர்க்கவில்லை. பேச்சாளர் உரையை முன்கூட்டியே எழுதித் தந்து ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. அமைச்சர்கள் உரையாற்றினர், உரையாடவில்லை. தேர்தலின்போது அரசியல் கட்சிகளுக்கு வானொலியில் நேரம் ஒதுக்கும் முறைகூட 1977-இல்தான் வந்தது. அதிலும் கட்சியின் பேராளர் தம் உரையைப் படித்துச் செல்வார். இடைமறித்து வினவுவார் எவருமில்லை.

வினா உயிரோடிருந்த ஓரிடம் உழவர் நிகழ்ச்சி. விதை ஏன் முளைக்கவில்லை, பூச்சிக்கு எம்மருந்து என்று உழவர் கேட்க, வேளாண் அலுவலர் விடை கூறினார். திருச்சி வானொலி வழியே பரவிய ஏ.டி.டி. 27 என்னும் நெல்வகையைக் காவிரிப் பகுதி மக்கள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். தூய அறியாவினாவின் வலிமைக்கு அது சான்று. ஆனால் உரம் ஏன் வரவில்லை என்று அமைச்சரைக் கேட்கும் வினாவாக அது வளர்வதற்கு வழியிருக்கவில்லை.

கடல் கடந்து ஒலித்த தமிழும் உண்டு. போர்க்காலத்தில், 1941 மே 3 அன்று, பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புத் தொடங்கியது. அதற்குத் ‘தமிழோசை’ என்று பெயரிட்டவர் ஈழத்தவரான சோ. சிவபாதசுந்தரம். ஒலிபரப்பைக் கலையாகக் கருதித் தமிழில் நூல் எழுதிய முன்னோடியும் அவரே. ஈழப்போர் ஆண்டுகளில் ஒரே செய்தியைப் பற்றி எதிரெதிர்த் தரப்பினர் இருவரையும் அடுத்தடுத்து வினவும் வழக்கத்தைத் தமிழ்க் காதுகளுக்குப் பழக்கியதில் தமிழோசைக்குப் பெரும் பங்குண்டு. அதன் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று நின்றது.

இங்கிலாந்திலும் தொடக்கம் பணிவாகவே இருந்தது. நாடாளுமன்றம் அடுத்த இரு வாரங்களில் விவாதிக்கவுள்ள எதனையும் வானொலியில் விவாதிக்கலாகாது என்னும் பதினான்கு நாள் விதி 1950களின் நடுப்பகுதி வரை அங்கே இருந்தது. 1951 தேர்தலில் ஆண்டனி ஈடனைத் தொலைக்காட்சியில் கண்ட லெஸ்லி மிட்செல், முன்னரே ஒத்திகை பார்த்த வினாக்களைப் பெருந்தன்மை மிக்க ஒருவரிடம் விண்ணப்பம் வைப்பதுபோல் கேட்டார். 1955-இல் தனியார் தொலைக்காட்சி வந்தது. போட்டி பிறந்தது. 1958 பிப்ரவரியில் ராபின் டே, தலைமையமைச்சர் மக்மில்லனை நேரே நோக்கி, அவருடைய வெளியுறவு அமைச்சர்மீது எழுந்துள்ள குறைகூறல்களுக்கு என்ன சொல்கிறீர் என்று கேட்டார். அன்றைய நாளேடுகள் இதனைத் துணிச்சல் என்றும் மிகை என்றும் எழுதின. இன்று நோக்கின் அது மிக எளிய வினாவே. ஆயினும் ஏழே ஆண்டுகளில் பேட்டி நேர்காணலாயிற்று.

நெருக்கடி நிலையும் அலைவரிசையின் உரிமையும்

தூர்தர்ஷனின் சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு அப்போது 51 நாட்கள் ஆகியிருந்தன. தமிழ்த் தொலைக்காட்சி வினாவுக்கு வாய்ப்பூட்டு இடப்பட்ட காலத்தில் பிறந்தது என்பது வரலாற்றின் முரண். நெருக்கடி நிலை நீங்கியபின், ஊடகங்கள் தவறாகப் பயன்படுத்தப்பட்டமை குறித்து 1977-இல் வெள்ளை அறிக்கை வெளிவந்தது. பி.ஜி. வர்கீஸ் தலைமையிலான குழு, வானொலியும் தொலைக்காட்சியும் அரசின் பிடியிலிருந்து விலகித் தனி அமைப்பாக வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதற்கான பிரசார் பாரதிச் சட்டம் 1990-இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 1997-இல். நெருக்கடி நிலை பற்றி இந்திரா காந்தியைத் தொலைக்காட்சியில் வினவியதோ, 1978-இல் அவர் இங்கிலாந்து சென்றபோது அந்நாட்டுத் தேம்ஸ் நிறுவனம்.

அதே 1977-இல் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு நேர்காணல் தனித்து நோக்கத்தக்கது. பதவி விலகிய குடியரசுத் தலைவர் நிக்சனை டேவிட் ஃபிராஸ்ட் 28 மணி நேரத்துக்கும் மேலாக வினவிப் பதிவு செய்தார். அதற்காக அவர் நிக்சனுக்கு ஒப்புக்கொண்ட தொகை 600,000 டாலர். சொல்லின் பழம் பொருள்படி இது கையுறை கொடுத்துக் கண்ட பேட்டியேயாகும். ஆனால் ஃபிராஸ்டின் ஆய்வாளர்கள் பலமாதம் உழைத்து, வாட்டர்கேட் ஒலிநாடாக்களுள் அதுவரை பொதுவெளியில் பேசப்படாத ஓர் உரையாடலின் படியைத் தேடி எடுத்திருந்தனர். அதனைக் கையில் வைத்து வினவிய நாளில் நிக்சனின் தற்காப்பு நெகிழ்ந்தது. தாம் நாட்டு மக்களைக் கைவிட்டதாக அவர் ஒப்புக்கொண்டார். விலை கொடுத்துப் பெற்ற பேட்டியை நேர்காணலாக மாற்றியது சான்றே. அவர் கேட்டது அறிவினா. விடையை முன்னரே அறிந்தவனிடம் மழுப்புவது எளிதன்று.

இந்தியாவில் 1985-இல் தூர்தர்ஷன் ‘ஜன்வாணி’ என்றொரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. மத்திய அமைச்சர்கள் பொதுமக்களின் வினாக்களை நேரே எதிர்கொண்டனர். வினோத் துவா அதனை நடத்தினார். அரசின் தொலைக்காட்சியிலேயே அரசைக் கேட்கும் அந்தப் புதுமை நீண்ட காலம் நிலைக்கவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 1995 பிப்ரவரி 9 அன்று, உச்ச நீதிமன்றத்தில் நீதியரசர்கள் பி.பி. சாவந்த், எஸ். மோகன், பி.பி. ஜீவன் ரெட்டி ஆகியோர் வழங்கிய தீர்ப்பு, வானலைகள் பொதுச்சொத்து என்று உரைத்தது. வழக்கு மட்டைப்பந்தாட்ட ஒளிபரப்பைப் பற்றியது. தீர்ப்போ பேச்சுரிமையைப் பற்றியது. அரசுக்கும் உரிமையில்லை, தனியாருக்கும் உரிமையில்லை, மக்களுக்கே உரிமை என்னும் அக்கருத்து, வினவும் நாற்காலி யாருடையது என்ற கேள்விக்கும் விடையாகும்.

தமிழ்த் தொலைக்காட்சியில் வினா

தனியார் தமிழ்த் தொலைக்காட்சியான சன் 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கியது. அதில் ரபி பெர்னார்ட் நடத்திய ‘நேருக்கு நேர்’, அரசியல் தலைவரைத் தமிழிலேயே எதிரமர்த்தி இடைமறித்துக் கேட்கலாம் என்பதை வீடுதோறும் காட்டியது. வாரந்தோறும் மக்கள் காத்திருந்து பார்த்தனர். நிகழ்ச்சியின் பெயரே நேர்காணலின் இலக்கணத்தைச் சொன்னது. பின்னாளில் அவர் ஜெயா தொலைக்காட்சிக்குச் சென்றார்; அ.இ.அ.தி.மு.க. சார்பில் மாநிலங்களவை உறுப்பினரும் ஆனார். வினவும் நாற்காலிக்கும் விடையளிக்கும் நாற்காலிக்கும் இடையிலுள்ள தொலைவு தமிழகத்தில் எவ்வளவு குறுகியது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

தனி மனிதரைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. அமைப்பே அவ்வாறு அமைந்தது. சன் தொலைக்காட்சி தி.மு.க. தலைமைக் குடும்பத்தின் உறவினரால் தொடங்கப்பட்டது. ஜெயா 1999-இலும், மக்கள் தொலைக்காட்சி 2006-இலும், கலைஞர் 2007-இலும், கேப்டன் 2010-இலும் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு கட்சியின் அல்லது கட்சித் தலைமையின் நிழலில் நின்றது. இத்தகைய அமைப்பில் சொந்தத் தலைவருக்குக் கொடைவினாவும் எதிர்த் தலைவருக்கு ஏவல்வினாவும் பங்கிடப்பட்டன. ‘தங்கள் சாதனைகளை எப்படி நிகழ்த்தினீர்கள்?’ என்பது கேட்பவரே விடையை இலையில் பரிமாறும் வினா. அதனைக் கொடைவினா என்றே வகைப்படுத்த வேண்டும். 2011-இல் புதிய தலைமுறையும் 2012-இல் தந்தியும் செய்திக்கெனவே வந்தபின் ‘அக்னிப் பரீட்சை’, ‘கேள்விக்கென்ன பதில்’ போன்ற நிகழ்ச்சிகள் இந்நிலையை ஓரளவு மாற்றின.

ஒரு தலைவர், இரு நேர்காணல்கள்

ஜெயலலிதா அளித்த இரு நேர்காணல்களை அடுத்தடுத்து வைத்துக் காண்பது பயனுடையது. 1999-இல் சிமி கரேவால் அவரிடம் இளமையையும் தனிமையையும் தாயையும் பற்றிக் கேட்டார். தலைவர் மனம் திறந்தார். பழைய இந்திப் பாடல் ஒன்றைப் பாடவும் செய்தார். அதனை எளிதாகத் தள்ளிவிடலாகாது. அதுவரை எவரும் காணாத ஒரு மனிதரை அது காட்டியது. ஆனால் அது மனிதரைக் காட்டியதேயன்றி ஆட்சியைக் காட்டவில்லை.

2004 அக்டோபர் 1 அன்று ஒளிபரப்பான பி.பி.சி.யின் ‘ஹார்ட் டாக்’ நேர்காணலில் கரண் தாப்பர் ஆட்சியைப் பற்றிக் கேட்டார். அவ்வாண்டு நாடாளுமன்றத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளையும் இழந்தபின் அரசு தன் ஆணைகள் பலவற்றைத் திரும்பப் பெற்றது ஏன் என்பது அதன் மையம். வினா கூர்மையாக இருந்தது, விடையும் சளைக்கவில்லை. ஊடகம் தம்மீது பகை கொண்டுள்ளது என்று தலைவர் சாடினார். முடிவில் நீட்டிய கையை அவர் பற்றவில்லை. இவ்வுரையாடல் தமக்கு மகிழ்வளிக்கவில்லை என்று கூறி விடைபெற்றார். அந்த இறுதிக் கணம் இன்றளவும் பேசப்படுகிறது. அதற்கு முன் நிகழ்ந்த வினாவிடைகள் அந்த அளவிற்குப் பேசப்படுவதில்லை. கடுமைக்கு உள்ள இடர் இதுவே. முகக்குறி நினைவில் நிற்க, ஆணைகள் ஏன் திரும்பப் பெறப்பட்டன என்னும் பொருள் மறைந்துபோகிறது.

மற்றொன்றும் உண்டு. தமிழகத்து முதலமைச்சரை நோக்கித் தொடுக்கப்பட்ட மிகக் கூரிய வினாக்கள் ஆங்கிலத்தில், அயல்நாட்டு நிறுவனம் ஒன்றில் கேட்கப்பட்டன. அந்த ஆட்சியின்கீழ் வாழ்ந்த ஆலங்குளத்து ஆலைத் தொழிலாளிக்கோ இராசபாளையத்து நூற்பாலைப் பெண்ணுக்கோ அவ்வினாவும் எட்டவில்லை, விடையும் எட்டவில்லை. தம் மொழியில் கேட்கப்படாத வினாவினால் மக்கள் பெறும் பயன் சிறிதே.

நன்னூலில் இல்லாத விடை

விடை எட்டு என்றார் பவணந்தியார். தொலைக்காட்சி ஒன்பதாவது ஒன்றைச் சேர்த்தது. எழுந்து செல்லுதல் என்பது அது. 1982 அக்டோபரில் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட், ராபின் டே கேட்ட வினாவின் நடுவே ஒலிவாங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வெளியேறினார். 2007 அக்டோபரில் அன்றைய குஜராத் முதலமைச்சர் நரேந்திர மோடி, 2002 நிகழ்வுகள் பற்றிக் கரண் தாப்பர் வினவத் தொடங்கிய சில நிமிடங்களில் தண்ணீர் கேட்டுப் பருகி, நேர்காணலை முடித்துக்கொண்டார். நாடும் கட்சியும் வேறாயினும் வினாவுக்கு முன் அதிகாரம் கொள்ளும் கூச்சம் ஒன்றே.

பத்தாவது விடை ஒன்றும் உண்டு. அது நம் மாவட்டத்து நிகழ்வை ஒட்டி எழுந்தது. 2018 ஏப்ரலில், அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றின் பெண் ஆசிரியர் தம் மாணவியரைத் தொலைபேசி வழியே தவறான வழிக்குத் தூண்டும் ஒலிப்பதிவு வெளிவந்து நாட்டையே அதிரச் செய்தது. அன்றைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித், பல்கலைக்கழக வேந்தர் என்ற முறையில் விசாரணைக்கு ஆணையிட்டு, ஏப்ரல் 17 அன்று சென்னை ஆளுநர் மாளிகையில் செய்தியாளரைச் சந்தித்தார். கூட்டம் முடியும் தறுவாயில் பெண் செய்தியாளர் ஒருவர் ஒரு வினா எழுப்பினார். ஆளுநர் அவர் கன்னத்தில் தட்டினார். எதிர்ப்பு எழுந்தபின் எழுதிய மடலில், வினா நன்றாக இருந்தமையால் பேத்தியைப் போல் எண்ணிப் பாராட்டியதாகக் கூறி வருத்தம் தெரிவித்தார்.

வருத்தம் தெரிவித்தது முறையே. ஆயினும் அம்மடலின் பொருளைத் தமிழாசிரியர் என்ற நிலையில் நாம் ஊன்றிப் படிக்க வேண்டியுள்ளது. நல்ல வினா என்று பாராட்டுதல் விடையாகாது. கேட்பவரைப் பேத்தியாக்கும்போது கேட்கப்பட்டவர் பாட்டனாகிவிடுகிறார்; நேர்காணல் அக்கணமே பேட்டியாகிவிடுகிறது. மாணவியரின் மானம் பற்றிய செய்தியாளர் கூட்டத்தில் வினவிய பெண்ணுக்கு இது நேர்ந்தது என்பதை எண்ணும்போது, அதிகாரம் பெண்ணின் வினாவை எவ்வளவு எளிதாகக் குழந்தைப் பேச்சாக்கிவிடுகிறது என்பது புலனாகும்.

இவ்வழக்கில் மிகத் தெளிவான சொல்லைக் கூறியவர்கள் அம்மாணவியரே. அதிகாரம் உடையவர் இனிய குரலில் மீண்டும் மீண்டும் அழைத்தபோது அவர்கள் கூறியது மறை என்னும் நேர்விடை. அவர்கள் முறையிட்டனர், ஒலிப்பதிவு சான்றாயிற்று. ஆறாண்டுகள் கழித்து, 2024 ஏப்ரல் இறுதியில், திருவில்லிபுத்தூர் மகளிர் நீதிமன்றம் அந்த ஆசிரியருக்குப் 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. உடன் குற்றஞ்சாட்டப்பட்ட இருவரை விடுவித்தது. ஆண்டாளின் ஊரில் வழங்கப்பட்ட அத்தீர்ப்புக்கு, பெயர் வெளிவராத சில இளம் பெண்களின் ‘மாட்டோம்’ என்னும் சொல்லே முதல் சான்று.

செயலில் முடியும் வினா

நேர்காணலால் ஆவதென்ன என்று கேட்பார்க்கு அண்மையிலிருந்து ஒரு சான்று தரலாம். 1980களின் இறுதியில் இலங்கையில் ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்கிய காலத்தில் பட்டலந்தை வீட்டுத் தொகுதியில் நடந்த தடுத்துவைப்பும் வதையும் பற்றி 1990களில் ஓர் ஆணையம் விசாரித்து அறிக்கை தந்தது. அவ்வறிக்கை நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படாமலேயே கால் நூற்றாண்டு கழிந்தது. 2025 மார்ச் 6 அன்று ஒளிபரப்பான அல் ஜசீரா நேர்காணலில் மெஹ்தி ஹசன், முன்னாள் குடியரசுத் தலைவர் ரணில் விக்கிரமசிங்கவிடம் அது பற்றி வினவினார். ‘அறிக்கை எங்கே?’ என்று அவர் எதிர்வினா எழுப்பினார். வினா எதிர் வினாதல் வழக்கமாகத் தப்பிக்கும் வழி. இம்முறை அது பொறியாயிற்று. எட்டே நாட்களில், மார்ச் 14 அன்று, அறிக்கை இலங்கை நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது.

ஆளும் தரப்புக்கும் அதில் அரசியல் நலன் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை; அன்று அடக்கப்பட்ட கட்சியே இன்று ஆட்சிக்குத் தலைமை தாங்குகிறது. ஆயினும் அலமாரியில் உறங்கிய தாளை அவைக்குக் கொண்டுவந்தது ஒரு வினா. அறிவினாவாகத் தொடங்கியது ஏவல்வினாவாக முடிந்தது. பொறுப்புக் கேட்கும் வினா எய்தக்கூடிய மிக உயர்ந்த நிலை அதுவே எனலாம்.

நிறைவாக

இதுவரை கண்டவற்றால் ஒன்று விளங்குகிறது. வினாவின் வலிமை குரலின் உயரத்தில் இல்லை. சான்றிலும், விடாமையிலும், வினவும் நாற்காலி வினவப்படுபவருக்குச் சொந்தமாகாதிருப்பதிலும் இருக்கிறது. நால்வர் ஒருங்கே கூவும் இரவு விவாதங்களில் வினாக்குறிகள் மிகுதி, வினாக்கள் குறைவு. தலைவர்களோ இன்று செய்தியாளரை நாடாமலேயே தம் சொந்த ஒளிப்பதிவுகள் வழியாக மக்களிடம் பேசிவிடுகின்றனர். வினா இல்லாத பழைய வானொலி, கைப்பேசி வடிவில் திரும்பி வருகிறது. எழுதித் தந்த உரை, எதிர்ச்சொல் இல்லாத அரங்கு, இடையறாத கைதட்டல் ஆகிய அனைத்தும் அதில் உண்டு.

இச்சூழலில் இலக்கிய வட்டத்தார் செய்யத்தக்கது சிறிதாயினும் ஒன்றுண்டு. கவியரங்க மேடைக்கு அமைச்சரோ ஆட்சியரோ வரும்போது நாம் வாழ்த்துப்பா பாடுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். அது கையுறை, விருந்தோம்பலில் பிழையில்லை. ஆனால் வாழ்த்துக்குப் பின் ஒரு நாழிகையை வினாவுக்கென ஒதுக்கலாம். நூலகத்துக்குப் புதுநூல் வாராத காரணம் என்ன, பள்ளியில் தமிழாசிரியர் இடம் நிரப்பப்படாதது ஏன் என்று, தாளில் எழுதிய விவரத்தோடு, இனிய தமிழில், விடை வரும்வரை கேட்கலாம். புலவர் அரசவையில் பாடிப் பரிசில் பெற்றனர் என்பது மட்டும் நம் மரபன்று. தவறிய அரசனை இடித்துரைத்த கோவூர் கிழாரும் நம் மரபினரே.

ஆலங்குளத்தில் நம் வட்டம் பத்தாண்டுகள் பாடி நிறைந்திருக்கிறது. பதினொன்றாம் ஆண்டின் முதற்கூட்டத்துக்கு வரும் சிறப்பு விருந்தினர், பொன்னாடைக்கும் மாலைக்கும் இடையில் ஒரு வினாவையும் எதிர்கொள்வாராக.